காணாமல் போன பெரிய ஜோடி

காலை ஏழரை மணி. நர்ஸ் அலமாரியைத் திறந்தார். இரண்டாவது தட்டு காலி. ஏழு மணிக்குக்கூட அங்கே இருந்த பெட்டி இப்போது இல்லை. பெட்டிக்குள் இருந்தவை ஒரு ஜோடி சிலிக்கோன் செயற்கை மார்பகங்கள். எட்டரை மணிக்கு ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டியவை.

நர்ஸுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அந்த ஜோடி யாருக்காக வந்ததோ அந்தப் பெண் ஒரு பஸ் டிரைவர். முன்னறையில் ஆஸ்பத்திரி அங்கியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் கணவர், முகத்தில் ஈயாடவில்லை. இன்னொரு பக்கம் அக்கா, மடியில் தையல் பை. அக்காவுக்கு உள்ளாடை தைப்பதுதான் தொழில். ஆபரேஷன் முடிந்ததும் தங்கை போட வேண்டிய இறுக்கமான பிராவைக்கூடத் தன் கையாலேயே தைத்துக் கட்டிலின் மேல் மடித்து வைத்திருந்தாள்.

எட்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். ஸ்டேஷனில் அந்த அம்மாவுக்குப் 'பொறுமை' என்று பட்டப்பெயர். மருந்துக்குக்கூட அது அவரிடம் கிடையாது என்பதால்தான்.

"அலமாரி சாவி யாருகிட்ட?" என்றார், நாற்காலியில் உட்காராமலே.

"என்கிட்டதான் மேடம்" என்றார் நர்ஸ்.

"எப்பவுமா?"

நர்ஸ் கட்டிலைக் காட்டினார். "இவங்களுக்குப் பிரஷர் பாக்க வந்தப்ப மேஜையிலயே விட்டுட்டேன். அஞ்சு பத்து நிமிஷம்தான்."

"பூட்டு உடையல. சாவி உங்களோடது. சந்தேகம் யாரு மேல வரும் சொல்லுங்க?"

நர்ஸ் அழ ஆரம்பித்துவிட்டார். அக்கா தலை குனிந்துகொண்டாள்.

"அழாம சொல்லுங்க. அந்த நேரத்துல வராண்டால யாரு நடமாடினா?"

"இவங்க வீட்டுக்காரர் போன் பேசிக்கிட்டே நடந்தாரு. அக்கா தண்ணி பிடிக்கப் போனாங்க. டாக்டரம்மா கை கழுவப் போனாங்க. வேற யாரும் இல்ல மேடம்."

இன்ஸ்பெக்டர் கணவர் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு இந்த ஆபரேஷன்ல இஷ்டமா?"

"இல்ல" என்றார் கணவர். ஒளிவு மறைவில்லை. "அவ எனக்கு இப்படியேதான் பிடிக்கும். சொன்னா நம்ப மாட்டேங்குறா. அதுக்காகத் திருடுவேனா? இதைத் தூக்கினா இன்னொண்ணு வாங்கி வைக்கப்போறாங்க."

பேச்சில் நியாயம் இருந்தது. ஆனால் எல்லாருடைய பார்வையும் அவர் மேலேயே ஒட்டிக்கொண்டது.

அதற்குள் வந்திருந்த டாக்டரை இன்ஸ்பெக்டர் கதவுக்கு வெளியே கூட்டிப்போனார். "அந்த ஜோடில என்ன விசேஷம்?"

"பெரிய சைஸ். அவ்வளவுதான்" என்றார் டாக்டர். "இந்தப் பொண்ணுக்கு மார்புக்கூடு ஒடுக்கம். நான் நடுத்தர சைஸ்தான் சொன்னேன். எவ்வளவு பெருசுன்னு மட்டும் பாத்து எடுக்குற விஷயமில்ல இது. அடியில எவ்வளவு அகலம்னு பாக்கணும். அது உடம்பு அகலத்துக்குள்ள அடங்கணும். இவங்க எடுத்தது நான் ஒத்துக்கக்கூடிய கடைசி எல்லை. ஸ்டியரிங் திருப்பும்போது அக்குள்ல உறுத்தும்னு சொல்லியும் பாத்தேன்."

"கேக்கலையா?"

"அக்காவும் தங்கச்சியுமா வந்து சாம்பிள் வெச்சுப் பாத்தாங்க. ஒட்டின பனியன் போட்டுப் பாருங்கன்னேன். டிரைவர் சட்டைக்குள்ளதான் பாத்தாங்க. அந்த முரட்டுத் துணிக்குள்ள எதை வெச்சாலும் சின்னதாத்தான் தெரியும். இன்னும் பெருசு, இன்னும் பெருசுன்னு போயிட்டாங்க."

"இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"நடுத்தர ஜோடி கைவசம் இருக்கு. அது எப்பவும் இருக்கும்னு அன்னிக்கே ரெண்டு பேர்கிட்டயும் சொல்லியிருக்கேன். அவங்க சரின்னா இன்னிக்கே வெச்சிடலாம்."

உள்ளே போய்ச் சொன்னதும் டிரைவர் வெடித்தாள். "முடியாது! எனக்கு நான் எடுத்ததுதான் வேணும். எத்தனை வருஷ ஆசை தெரியுமா?"

"நடுத்தரமே வெச்சுக்கோயேன்டி" என்றாள் அக்கா, மெல்ல.

"நீயா சொல்றே? பெருசா எடுன்னு சொன்னதே நீதானே?"

இன்ஸ்பெக்டர் கட்டிலில் இருந்த பிராவை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். நேர்த்தியான தையல். ஓர் இழை பிசகவில்லை.

"டாக்டர், அந்த ரெண்டு சைஸ் சாம்பிளும் வேணும்."

வந்தன. முதலில் பெரியதைப் பிராவுக்குள் வைத்தார். பக்கவாட்டில் பிதுங்கி வெளியே வந்தது. பிறகு நடுத்தரம். அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது.

"இவர் திருடல" என்றார் இன்ஸ்பெக்டர், கணவரைக் காட்டி. "நர்ஸும் திருடல. எல்லாரும் காணாமப் போனதையே தேடினோம். கண்ணு முன்னால இருந்ததைப் பாக்கல. பெரிய ஜோடி வைக்கப்போற உடம்புக்கு நடுத்தர அளவுல பிரா தைச்சிருக்கு. தொழில்காரங்க கை இப்படித் தப்பாது. பெருசு உள்ள போகாதுன்னு முன்னாடியே முடிவு பண்ணின ஒருத்தர்தான் இதைத் தைச்சிருக்கணும்." அக்காவிடம் குனிந்தார். "எங்க வெச்சீங்கம்மா?"

"அழுக்குத்துணிக் கூடையில" என்றாள் அக்கா.

நர்ஸ் ஓடிப்போய் எடுத்து வந்தார். சீல்கூடப் பிரியவில்லை.

"ஏன்க்கா?" என்றாள் தங்கை.

"பிராவுக்கு அளவெடுக்க வெறும் உடம்புல டேப் வெச்சேன்ல, அப்பதான் புரிஞ்சுது. அது உன் உடம்புல அடங்காதுடி. நீ வண்டி ஓட்டவே கஷ்டப்படுவே."

"வாயத் திறந்து சொல்லியிருக்கலாமே?"

"எந்த வாயால சொல்றது?" அக்காவுக்கு அடக்க முடியவில்லை. "சின்ன வயசுல உனக்குப் பலகைன்னு பேரு வெச்சது இந்த வாய்தான். ஸ்கூலே உன்னை அப்படிக் கூப்பிட்டுது. இப்ப, பெருசா எடுடி, இனிமே எவன் உன்னைப் பலகைன்னு சொல்வான்னு உசுப்பேத்தினதும் இதே வாய். மறுபடியும் நானே வந்து உனக்குச் சின்னது போதும்னு சொன்னா, உன் காதுல அது எப்படி விழும்?"

"நர்ஸுக்கு வேலை போயிருக்கும்க்கா."

"தெரியும். அவங்க அழுததைப் பாத்துக்கிட்டேதான் உக்காந்திருந்தேன்."

புகார் வேண்டுமா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். டாக்டர் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேண்டாம் என்று தலையாட்டினார்.

தங்கை பெட்டியைத் தள்ளி வைத்தாள். "நீ பலகைன்னு கூப்பிட்டப்பல்லாம் நானும் சேந்து சிரிச்சேன்க்கா. ஒரு தடவைகூட எனக்குச் சிரிப்பு வரல." பிறகு டாக்டரிடம் சொன்னாள்: "இன்னிக்கு எதுவும் வேணாம் டாக்டர். வேணுமா வேணாமான்னே திரும்ப யோசிக்கணும். வேணும்னா ஒட்டின பனியன் போட்டுக்கிட்டு நானே வரேன்."

"நானும் கூட வரேன்டி" என்று அக்கா எழுந்தாள்.

"வேணாம்க்கா. நீ பக்கத்துல இருந்தா நான் உன் கண்ணாலதான் என்னைப் பாப்பேன்."

அக்கா உட்கார்ந்துவிட்டாள். யாரும் அவளைக் கைது செய்யவில்லை. செய்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.