பேச்சாயி பெயரில் போன ரத்தம்

முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை மோகன்குமார் உரித்தபோது வெங்காய வாடை அடித்தது. வீட்டில் அன்று யாரும் வெங்காயம் உரிக்கவில்லை. மனைவி தமிழ்மதி மொட்டைமாடி வெயிலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அடுப்படி கழுவிக் காய்ந்து கிடந்தது. ஆனாலும் திண்டுக்கல் வெங்காய மண்டி வாசலில் நிற்கும்போது மூக்கில் ஏறுமே, சருகும் மண்ணும் அழுகலும் கலந்த காரம், அது அவன் கைக்குள்ளிருந்துதான் வந்தது. ஊசி குத்திய சின்னப் புள்ளி. நாலைந்து நாளாகியும் மூடாமல் ஈரமாகவே இருந்தது.

அந்த ஊசியைக் குத்திக்கொண்டவன் அவனேதான். பழனி ரோட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவன் லேப் டெக்னீஷியன். நரம்பு பிடிப்பதில் கைராசிக்காரன் என்று பெயர். அந்தப் பெயரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினான். அகரத்திலிருந்து மண்டிக்கு வெங்காயத் தாள் அரிய வரும் பேச்சாயி, அரிவாள் பட்ட விரல் சீழ் பிடித்து, கிருமி ரத்தத்தில் கலந்து ஐசியூவுக்கு வந்தாள். முதல் ரத்தத்தில் லாக்டேட் என்கிற அமிலம் ஏழு; இரண்டுக்குள் இருக்க வேண்டியது. மருந்து கேட்கிறதா என்று பார்க்க, சில மணி நேரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். இறங்கினால் பிழைப்பாள், இறங்காவிட்டால் டாக்டர் வைத்தியத்தை மாற்றுவார். அவள் உயிர் அந்த இரண்டாவது குழாயில்தான் இருந்தது.

வீங்கிய கையில் நரம்பு சிக்கவில்லை. குத்தினான். மறுபடி குத்தினான்.

“கெடைக்கலேன்னா டாக்டருகிட்டச் சொல்லிப்புடு அப்பு,” என்றாள் பேச்சாயி. “வேற ஆளு எடுக்கட்டும்.”

கைராசிக்காரனுக்கு அது பொறுக்குமா? திரைக்குப் பின்னால் போய்த் தன் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, தன் ரத்தத்தையே எடுத்து, அவள் பெயரை ஒட்டி அனுப்பினான். “லாக்டேட் அருமையா எறங்கிருச்சு,” என்று டாக்டர் அவளை வார்டுக்கு மாற்றினார். விடிவதற்குள் செத்துப்போனாள். பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இப்போது அவன் மேல்கையை ஏதோ இறுக்கியது. ரப்பர் பட்டை கட்டுகிற அதே இடம். தடவிப் பார்த்தான், ஒன்றும் இல்லை. இறுக்கம் மட்டும் கூடியது.

துணிக்கூடையோடு இறங்கி வந்த தமிழ்மதி நின்றுவிட்டாள். “ஏங்க, கையி ஏன் இம்புட்டு வீங்கிருக்கு? யாரு இப்படிப் புடிச்சது?”

மேல்கையில் ஐந்து விரல் தடம் பதிந்திருந்தது.

மறுநாள் அவன் அதே ஐசியூவில், அதே கட்டிலில் கிடந்தான். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். லாக்டேட் ஏழு. முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். நாக்கு மரத்துப்போயிருந்தது.

மத்தியானம் இரண்டாவது ரத்தம் எடுக்க அஜித் வந்தான். மோகன்குமாரிடம் வேலை பழகியவன். வெங்காய வாடை குப்பென்று ஏறியது. அஜித் மூக்கைக்கூடச் சுளிக்கவில்லை.

கட்டிலோரம் பேச்சாயி நின்றாள்.

அவன் வீங்கிய கையின்மேல் தன் கையை நீட்டி வைத்தாள். ஜில்லென்று. வீக்கமே இல்லாத கை. செத்தவளுக்கு இனி என்ன காய்ச்சல்?

“எங் கைல எடுத்துக்க அப்பு,” என்றாள்.

அஜித் அந்தக் கையைத் தட்டிப் பார்த்தான். “நரம்பு ஜம்முன்னு நிக்குதுண்ணே.”

இல்லடா. என் கை இல்லடா. நாக்கு எழவில்லை. குழாய் நிரம்பியது. அஜித் அதில் எழுதினான்: மோகன்குமார்.

கொஞ்ச நேரத்தில் டாக்டர் சிரித்துக்கொண்டே வந்தார். “அருமையா எறங்கிருச்சு. வார்டுக்கு மாத்திரலாம்.” தமிழ்மதி அழுதபடி கையெடுத்துக் கும்பிட்டாள். அவன் தலையை ஆட்ட முயன்றான். ஆடவில்லை.

ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது. முன்னால் ஒரு ஆள் இழுத்தான். பின்னால் தள்ள ஆளில்லை என்று அவன் சொன்னது கேட்டது.

ஆனாலும் யாரோ தள்ளினார்கள். மோகன்குமார் கண்ணை மேலே உருட்டினான். தலைமாட்டுக் கம்பியைப் பற்றியிருந்த விரல்களில் ஒன்றுக்கு மட்டும் கட்டுப் போட்டிருந்தது.