சங்குக்குப் பிறகு ஒரே ஒரு ஆட்டம்

மகளின் நெற்றியில் வீக்கம் இருந்தது. கைபேசித் திரையில், இடது புருவத்துக்கு மேலே, நீலம் பாய்ந்து புடைத்திருந்தது. எங்கே விழுந்தாய் என்று பெதேலோ கேட்டான்.

"விழல. போன ஞாயித்துக்கிழமை நீதான சுத்தியால அடிச்ச," என்று சிரித்தாள் லூபே. ஆறு வயது.

"மாமரத்துலேருந்து விழுந்திருக்கும். கேட்டா இதையே சொல்லுது," என்றாள் பின்னாலிருந்து அவள் தாய் லாங்கி. "புளுகு மட்டும் அப்பனக் கொண்டு வந்திருக்கு."

சமோவாவை விட்டு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு தோண்ட அவன் வந்த சில மாதங்களிலேயே லூபே தொலைபேசிக்கு வருவதை நிறுத்தியிருந்தாள். அந்த ஆளு எப்பவும் சாப்டியான்னே கேக்குறாரு என்று தாயிடம் சொன்னாளாம். அந்த ஆளு. அந்தச் சொல் பெதேலோவைப் பல இரவுகள் தூங்கவிடவில்லை. அறைத்தோழன் ஃபலானிகோதான், முகம் பார்த்துப் பேசும்போதே ஆடும் இந்த விளையாட்டைக் கைபேசியில் ஏற்றித் தந்தான். விரல்களை மடக்கிக் கையை ஓங்கினால் எதிராளியின் திரையில் சிவப்புச் சுத்தியல் முளைக்கும்; குனியாவிட்டால் தலையைச் சுற்றி நட்சத்திரம் பறக்கும். இப்போது லூபே ஞாயிறு வரக் காத்துக் கிடந்தாள். அவன் மறுபடியும் அப்பாவாகியிருந்தான்.

"எவ்ளோ பெரிய ஆளு, காத்தோட சண்டை போடுறான் பாரு," என்று சொல்லிவிட்டு ஃபலானிகோ துணி துவைக்கப் போனான்.

தகரக் கூரை வெயிலில் முறுகிக்கொண்டிருந்தது. கட்டிலுக்கடியில் கழற்றிப் போட்ட காலணிகளிலிருந்து ஈரமண்ணும் வியர்வையும் கலந்த வாடை எழுந்தது. திரைக்குள்ளோ சுவரில்லாத வீட்டின் தூண்களுக்கு நடுவே பொழுது சாய்ந்து, அடுப்புப் புகை தாழப் படர்ந்து, அதற்கும் பின்னால் பலாமரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுத்துக்கொண்டு வந்தன. அப்போது அங்கே சங்கு ஊதினார்கள்.

"போதும், வை. சங்கு ஊதியாச்சு," என்றாள் லாங்கி.

மாலை ஜெபத்துக்கான சங்கு. அது ஊதினால் சாலையில் நடமாட்டம் கூடாது, பேச்சு கூடாது, விளையாட்டு கூடவே கூடாது. அந்நேரத்தில் வெளியே நடப்பவர்கள் மனிதர்களல்ல. ஊரில் இருந்திருந்தால் அவள் சொல்லுமுன் பெதேலோ பாயில் உட்கார்ந்திருப்பான். ஆனால் இங்கே ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்தியது.

"ஒரே ஒரு ஆட்டம். சத்தத்த அடைச்சிரலாம். யாருக்குத் தெரியப் போவுது?"

"ஊருக்குத் தெரியாது," என்றாள் லாங்கி. மகளுக்குப் பின்னால் பாயில் சம்மணமிட்டுத் தலை குனிந்தாள்.

லூபே பொத்தானை அமுக்கினாள். அவனும் அமுக்கினான். கூரை முறுகும் சத்தம் மட்டும் மிஞ்சியது.

அவன் ஓங்கினான். சுத்தியல் முளைத்தது. இதுவரை பார்த்ததைவிடக் கொஞ்சம் பெரிது. சிவப்பும் சற்றுக் கறுத்திருந்தது. லூபே சட்டென்று குனிந்தாள்.

சுத்தியல் நிற்கவில்லை.

அவளைத் தாண்டிப் போனது. குனிந்திருந்த லாங்கியின் உச்சியில் இறங்கியது.

நட்சத்திரம் பறந்தது. லாங்கி முன்னால் சாய்ந்தாள். விளையாடுகிறாள் என்று நினைத்தான். பிறகு அவள் முடிக்குள்ளிருந்து ஏதோ வழிந்தது. பாய் ஊறியது. அவள் கால் ஒருமுறை உதைத்தது. அவ்வளவுதான்.

நட்சத்திரங்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தன.

அவன் அலறினான். அங்கே கேட்காது. சத்தத்தைத் திறக்கக் கை நீட்டினான். லூபேயின் தலைக்குமேல் சுத்தியல் எழுந்தது.

கையைப் பின்னுக்கு இழுத்தான். சுத்தியல் இன்னும் உயர்ந்தது.

அசையக் கூடாது. மெல்ல, மிக மெல்லக் கையை இறக்கினான். தொடைக்கடியில் செருகினான். இரண்டு கையையும். சுத்தியல் மங்கி மறைந்தது.

லூபே திரும்பிப் பார்க்கவில்லை. வாயை மூடிச் சிரித்தாள். வீங்கிய நெற்றியைத் திரைக்கு அருகில் கொண்டு வந்து காத்திருந்தாள். அவன் வேண்டாம் வேண்டாமென்று தலையாட்டினான். அவளும் அப்படியே ஆட்டினாள்.

திரையின் மூலையில், அவன் முகம் தெரியும் சின்னக் கட்டத்தைப் பார்த்தான். கைகள் தொடைக்கடியில்தான் இருந்தன. வியர்த்து, மரத்து, அழுந்தி.

அவன் தோளுக்குப் பின்னாலிருந்து வேறொரு கை வந்தது. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கியது. ஓங்கியது.