பொய்ச்சாவி

அன்று தென்காசிச் சோதனைக் கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். ஊமைப்பூட்டைப் படைத்த ஆவுடையப்பனின் மூத்த மகள் உலகம்மாள். அவளுடைய தம்பியின் மனைவி சண்முகவடிவு. வடிவின் மகன் மருதையா, நாற்பது வயது, நிரலர். நான்காவது ஆள் பூட்டு ஆணையத்தின் அதிகாரி ரெஜினா. வேறு யாரும் இல்லை. அன்றைக்கு அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்களின் எண்ணிக்கை இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டதால் இதைச் சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது.

ஊமைப்பூட்டு ஒரு மறையாக்க நிரல்நூலகம், தகவலைப் பூட்டிவைக்கும் மென்பொருள். வீட்டுப் பத்திரம், உயில், மருத்துவக் குறிப்பு, காதல் கடிதம், எதுவானாலும் மக்கள் அதைத் தங்கள் மின்பேழையில் வைத்து ஊமைப்பூட்டால் பூட்டினார்கள். நிலவில் குடியேறியவர்களும் அதையேதான் நம்பினார்கள். அதன் பெருமையே அது பேசாததுதான். சாவி தவறா, பேழை சிதைந்ததா, கணினியிலேயே கோளாறா, எதற்கும் அது சொல்வது ஒரே சொல்: ‘திறக்கவில்லை.’ காரணத்தைச் சொன்னால், திருடன் அந்தக் காரணங்களைக் கோத்தே பேழையைத் திறந்துவிடுவான் என்பது ஆவுடையப்பன் கண்ட உண்மை.

ஒவ்வொரு பதிப்பும் வெளிவருமுன் பிழைச்செய்திச் சோதனை அந்தக் கூடத்தில்தான் நடக்கும். ஆவுடையப்பன் வீட்டில் வைத்திருந்த பழைய கணினியில், குடும்பத்தார் முன்னிலையில். ஆயிரம் விதமான தவறுகளை ஊட்டுவார்கள். ஆயிரத்துக்கும் அதே சொல், அதே கால அளவில் வர வேண்டும். ஏதாவது ஒன்று கண்ணிமைக்கும் நேரம் முந்தி வந்தாலும் பதிப்பு தள்ளப்படும்.

முதல் தவறு எப்போதும் ஒன்றுதான்: ஆவுடையப்பனின் சொந்தப் பேழைக்கு வடிவு கொண்டுவந்த சாவி. கடைசி நாட்களில் அவரைப் பார்த்துக்கொண்டவள் வடிவு. மாமனார் தன் காதில் சொன்னது என்று அவர் இறந்த பதினாறாம் நாள் அவள் சாவியின் பன்னிரண்டு சொற்களையும் சொன்னாள். அந்தப் பழைய கணினியில் போட்டார்கள். ‘திறக்கவில்லை’ என்று வந்தது. பெற்ற மகளிடம் சொல்லாததை மருமகளிடமா சொல்லியிருப்பார் என்று உலகம்மாள் அன்றே முடிவு கட்டினாள். பேழை அந்தக் கணினியை விட்டு நகரக் கூடாது என்று கட்டளையிட்டாள். பன்னிரண்டு சொற்களையும் ‘பொய்ச்சாவி’ என்ற பெயரில் சோதனைப் பட்டியலின் தலையில் எழுதிவைத்தாள்.

அதன் பிறகு முப்பது ஆண்டுகளில் வடிவு ஒரு சோதனைக்கும் வராமல் இருந்ததில்லை. கதவோரத்து நாற்காலியில் முதுகு வளையாமல் உட்கார்ந்து, அந்தப் பெயரைக் காதால் கேட்டுவிட்டுத்தான் போவாள்.

ரெஜினா கொண்டுவந்திருந்தது காரணம் சொல்லும் பதிப்பு. விண்ணிலையம் ஒன்றில் சேமிப்பகம் நிரம்பிப்போய் மருத்துவப் பேழை திறக்கவில்லை. சாவிதான் தவறு என்று நினைத்து ஒரு மணி நேரம் வேறு சாவி தேடியிருக்கிறார்கள். நோயாளி இறந்துபோனான். அதற்குப் பிறகுதான் ஆணையம் விழித்துக்கொண்டது.

“உங்க கையெழுத்து இல்லாம இது வெளிய போகாதும்மா. அதான் நேர்லயே வந்தேன்” என்றாள் ரெஜினா.

“வந்தது சரி. கையெழுத்து கிடைக்காது. காப்பி குடிச்சிட்டுப் போங்க” என்றாள் உலகம்மாள்.

“சோதிச்சுப் பாக்காமலேயா?”

அந்தக் கேள்வி உலகம்மாளைச் சுட்டது. சோதிக்காமல் தள்ளியவர்கள் என்ற பேச்சு அவள் வீட்டுக்கு வரக் கூடாது. “மருதையா, ஏத்துல அந்தப் பதிப்ப. எங்க அப்பா கணினியிலயே ஏத்து. வாயத் தொறந்து அது என்னென்ன உளறுதுன்னு இவங்களும் பாக்கட்டும்.”

மருதையா ஏற்றினான். “ரெடி அத்தை.”

“மொதல்ல பொய்ச்சாவி.”

அவன் தாயைப் பார்த்தான்.

“என்னய என்னல பாக்க? வழக்கமாப் போடுததுதான, போடு” என்றாள் வடிவு. “முப்பது வருசமாப் பொய்யி. இன்னைக்கு என்ன புதுசாவா பொய்யாகப் போவுது.”

“உள்ளதச் சொன்னா ஒனக்குக் குத்தத்தான் செய்யும்” என்றாள் உலகம்மாள்.

“குத்தியிருந்தா இந்த நாக்காலியில இத்தன தடவ உக்காந்திருப்பனா மதினி?”

திரையில் செய்தி வந்தது. மருதையா வாசிக்கவில்லை. ரெஜினாதான் வாசித்தாள்: “நினைவகம் போதவில்லை. சாவி சோதிக்கப்படவில்லை.”

“இன்னொரு தடவ போடு” என்றாள் உலகம்மாள்.

அதே செய்தி.

மருதையா விளக்கினான். ஒரு சாவியைச் சரிபார்க்கும் முன் ஊமைப்பூட்டு கணினியில் பெரும் நினைவகத்தை வாங்கிக்கொள்ளும். திருடன் கோடிக்கணக்கில் சாவிகளைப் போட்டுப் பார்க்க முடியாமல் செய்வதற்கான ஏற்பாடு அது. எவ்வளவு நினைவகம் என்பதைப் பூட்டுகிறவரே தீர்மானிக்கலாம். ஆவுடையப்பன் தன் பேழையைக் கடைசியாகப் பூட்டியது அலுவலகத்துப் பெருங்கணினியில். அந்த அளவு நினைவகம் இந்த வீட்டுக் கணினிக்கு என்றுமே இருந்ததில்லை.

“அப்போ முப்பது வருசமா...” என்று ரெஜினா தொடங்கினாள்.

“முப்பது வருசமா இந்தச் சோதனை தப்பான காரணத்தால தேறியிருக்கு” என்றாள் உலகம்மாள். எழுந்து கதவோரத்துக்குப் போனாள். பூட்டு ‘திறக்கவில்லை’ என்று மட்டும்தான் சொன்னது. ‘பொய்’ என்று சொன்னது அவள்.

“வடிவு, பூட்டு ஒன்னயப் பத்தி ஒண்ணும் சொல்லல. நாந்தான் சொன்னேன். தப்பு எம் பேருல. இத இவங்க முன்னாலயே சொல்லுதேன்.”



உலகம்மாள் ரெஜினா பக்கம் திரும்பினாள். “இதுக்காக நான் கையெழுத்துப் போட்டுருவேன்னு நெனைக்காதீங்க. கணினிக்கு என்ன கொறைன்னு அது சொல்லட்டும். சாவியப் பத்தியோ பேழையப் பத்தியோ ஒரு வார்த்த வெளிய வரப்படாது. அப்படி மாத்திக்கிட்டு வாங்க, பாப்போம்.”

“மாத்திருவோம்மா” என்ற ரெஜினா தன் பையைத் தொட்டாள். “ஆனா இப்பவே பேழைய என் கணினிக்கு மாத்தினா, அந்தச் சாவி சரியான்னு அஞ்சு நிமிசத்துல தெரிஞ்சிரும்.”

மருதையா அத்தையைப் பார்த்தான். உலகம்மாள் சம்மதமாகத் தலையசைத்தாள். அவன் கை விசைப்பலகைக்குப் போனது.

“கைய எடுல” என்றாள் வடிவு. நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாள். “சாவியச் சோதிக்காமத்தான மதினி என்னயப் பொய்க்காரின்னு சொன்னிய. இப்பப் போட்டுப் பாத்துத்தான் யோக்கியமானவளுன்னு சொல்லுவியளோ? சோதிக்காமலே நம்புங்க. முடியலன்னா நம்பாதீங்க. மெசின் சொல்லி எனக்கு ஒரு நல்ல பேரு வேண்டாம். அந்தச் சாவிய ஒங்க பட்டியல்லருந்து அழிங்க.”

உலகம்மாள் தன் கையாலேயே முதல் வரியை அழித்தாள். நிரலுக்கு வரலாறு உண்டு, அழித்ததை மீட்டுவிடலாம் என்று சொல்ல மருதையா வாயெடுத்தான். அத்தை பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

அந்தச் சாவியைப் பிறகு யாருக்கும் தெரியாமல் போட்டுப் பார்த்தார்கள் என்றும், பேழை திறந்து உள்ளே வடிவின் பெயருக்கு உயில் இருந்தது என்றும் தென்காசியில் ஒரு பேச்சு உலவுகிறது. அப்படி எதுவும் நடக்கவில்லை. பேழை அதே கணினியில்தான் இருக்கிறது. அந்தப் பன்னிரண்டு சொற்கள் சரியா தவறா என்று இன்றுவரை யாரும் சோதித்ததில்லை.