வால்வுக்கு இரண்டு சாவி

"எங்க வீட்டுக்காரரை இன்னிக்கே பிடிச்சிட்டுப் போயிடுவாங்க சார்," என்றாள் துப்பறிவாளரைத் தேடி வந்தவள். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

அவள் கணவன் கழிவு சுத்திகரிப்பு நிலையத்தில் தொட்டி பார்ப்பவன். லாரிகளில் வரும் காஸ்டிக் என்னும் காரக் கழிவில் ஆசிட் கலந்து, காரம் தணிந்தபின் வாய்க்காலில் விடுவது வேலை. அதனாலேயே அவனுக்குப் 'புளிப்பு' என்று பட்டப்பெயர். நேற்று வாய்க்காலில் இறங்கிய துப்புரவுத் தொழிலாளிக்கு முழங்கால்வரை தோல் வெந்துவிட்டது.

"இவர் ஆசிட் கலக்காமலே திறந்துவிட்டார்னு மேனேஜர் சொல்றார். வால்வுப் பூட்டுக்கு ரெண்டே சாவி. ஒண்ணு இவர்கிட்ட, ஒண்ணு மேனேஜர்கிட்ட."

துப்பறிவாளர் செருப்பை மாட்டினார். அவருடைய மைத்துனன் அதற்குள் வண்டியைக் கிளப்பியிருந்தான்.

மூவரும் போய் இறங்கியதும் நிலையத்து வாசலில் காவலாளி மைத்துனனை மறித்தான். "டிபன் பாக்ஸை இங்கயே வைங்க தம்பி. அலுமினியப் பாத்திரம் எதுவும் தொட்டிப் பக்கம் போகக் கூடாது."

"சோத்துக்கு வந்த சோதனையா!" என்றான் மைத்துனன்.

உள்ளே இரண்டு தொட்டிகள். ஒன்றில் லாரியில் வந்தபடியே கழிவு. ஆசிட் கலக்கும் மற்றொன்று காலி. போலீஸ் ஆய்வாளர் அருகில் புளிப்பு தலைகுனிந்து நின்றான். மேனேஜர் கருநீலமாகிப்போன சோதனைத் தாளை நீட்டினார்.

"திறக்கிறதுக்கு முன்னாடி, இப்பக் காலியா இருக்கிற இந்தத் தொட்டியில நானே மொண்டு பார்த்தேன். முழுக் காரம். அரைமணி நேரம் குவளையிலயே வச்சு மறுபடி பார்த்தேன். அதே நீலம். வெளியே விடாதேன்னு சொன்னேன், கேக்கலை."

"எந்தக் குவளை?"

மேனேஜர் தம் அறையில் தண்ணீர்ப் பானைமேல் இருந்த அலுமினியக் குவளையை எடுத்து வந்தார். பளபளவென்றிருந்தது.

"கேஸ் முடிஞ்சுது அத்தான்," என்று மைத்துனன் கிசுகிசுத்தான்.

"உன் வாய்க்கும் ஒரு பூட்டு வேணும் மாப்ளே." துப்பறிவாளர் புளிப்பிடம் திரும்பினார். "கழிவுத் தொட்டியிலேர்ந்து இதுல கொஞ்சம் ஊத்துங்க."

புளிப்பு கையுறை மாட்டி, பிளாஸ்டிக் வாளியில் மொண்டு ஊற்றினான். குவளைக்குள் நுரை பொங்கியது. சற்று நேரத்தில் கொட்டிக் கழுவினார்கள். உள்பக்கம் சாம்பல் பூத்துச் சொரசொரத்தது.

"காஸ்டிக் அலுமினியத்தைத் தின்னுடும்," என்றார் துப்பறிவாளர். "அதனாலதான் வாசல்லயே தடுக்கறாங்க. அரைமணி நேரம் இருந்திருந்தா இது பளபளக்குமா? நீங்க மொள்ளவே இல்லை. தாளைக் கழிவுத் தொட்டியில நனைச்சிருக்கீங்க. இவர் பேர்ல பொய் சாட்சி எதுக்கு? இருக்கிறதே ரெண்டு சாவி, திறந்தது உங்களோடது."

மேனேஜர் நெற்றியைத் துடைத்தார். "வாசல்ல லாரி வரிசை கட்டி நிக்குது... தொட்டி நிரம்பி வழியுது... ஒரே ஒரு தடவைன்னு..."

ஆய்வாளர் அவர் தோளில் கை வைத்தார்.

"வாங்க, வீட்டுக்குப் போகலாம்," என்றாள் மனைவி.

புளிப்பு கையுறையைக் கழற்றவில்லை. "வாய்க்கால் சேத்துல இன்னும் காரம் இருக்கு. தெரியாம எவனாவது கால வைப்பான். நீ போ, அலசி விட்டுட்டு வர்றேன்."

அவள் போகவில்லை. தண்ணீர்க் குழாயின் மறுமுனையைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் நடந்தாள்.