ஆவணி ஒன்று

பெங்களூர் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் அந்த ஏப்ரல் மாலை பெய்தது சாதாரண மழை அல்ல. விதான சௌதாவையே நாலடி தள்ளி வைத்துவிட்டுப் போயிருக்கும். கல் கட்டடம், தப்பித்தது. அந்த மழையில்தான் யாருடைய குடைக்கம்பியோ சேஷகிரியின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சாக்கடையில் போட்டது.

குடைக்குப் பின்னால் இரண்டு கண்கள்... ஊரெல்லாம் கரண்ட் போயிருந்ததே, அத்தனையும் அங்கேதான் குடியேறியிருந்தது.

"ஏன்ரீ, நடு வழியில தூண் மாதிரி நின்னா இன்னா பண்றது?"

"தூணுக்குக் கண்ணு போச்சுங்க. கண்ணாடி எந்தப் பக்கம் விழுந்துச்சு?"

அவள் குனிந்தாள். சாக்கடைக்குள் கைவிட்டுத் துழாவி எடுத்து, மழையிலேயே கழுவி, துப்பட்டாவில் துடைத்து நீட்டினாள்.

"போட்டுப் பாருங்க. நான் தெரியறேனா?"

தெரிந்தாள்... அதற்கப்புறம் அவனுக்கு வேறொன்றும் சரியாகத் தெரியவில்லை.

பெயர் மமதா. வீடு மர்பி டவுன். துணிக்கடையில் சேலை பிரித்துக் காட்டுகிற வேலை. அப்பா தமிழ், அம்மா மண்டியாவிலிருந்து வந்த கன்னடக்காரர். அதனால் ஒரே மூச்சில் இரண்டு பாஷை பேசுவாள். சேஷகிரி ராணிப்பேட்டை பி.காம். ஒக்கலிபுரத்தில் அறை, நாராயணசாமியின் மோட்டார் பம்பு கடையில் கணக்கு வேலை. அந்த வேலையின் சலிப்பைக் குடத்தில் பிடித்து ஊற்றினால் அல்சூர் ஏரி வழிந்துவிடும். நண்பன் ரெமிஜியஸ் டூரிஸ்ட் வேன் வாங்கிவிட்டு, "ஓட்ட வாடா, ஊட்டி மலையில மேகம் நம்ம கண்ணாடியில வந்து இடிக்கும்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். பேரேட்டைப் புரட்டும்போதுகூட சேஷகிரியின் இடது கை கியர் மாற்றிக்கொண்டிருக்கும்.

மாலைகளில் அவள் பஸ் வரும்வரை இருவரும் டீ குடித்தார்கள்.

"எப்ப வேலையை விடறீங்க?"

"மார்ச் கணக்கு முடியட்டும்னு முதலாளி சொல்றாருங்க."

மார்ச் முடிந்தது. "ஆடிட் முடியட்டுங்க. பாதியில விட்டா நல்லா இருக்காது."

"உங்க முதலாளிக்கு வருஷத்துல எத்தினி மார்ச்சு வருது, அக்கவுண்ட்ஸ்?"

சிரித்தான். உண்மையில் நாராயணசாமி ஒரு தடவைதான் சொன்னார். மற்றதெல்லாம் இவனே தனக்குச் சொல்லிக்கொண்டது. பம்பு கடைக் கணக்குப்பிள்ளையாகப் போய் மமதாவைப் பெண் கேட்பதா... வேலையை உதறிவிட்டு, வேனை மர்பி டவுன் தெருவில் நிறுத்தி, ஒரு ஹாரன் அடித்து இறங்க வேண்டாமா? இந்த வீம்பில் வேலையையும் விடவில்லை, வாயையும் திறக்கவில்லை.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் அவள் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாள். குடிக்கவில்லை.

"வீட்ல மாப்ள பாக்கறாங்க. ஆஷாடத்துல எதுவும் பேச மாட்டாங்களாம். அது முடிஞ்சதும்..."

நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த கேள்வி, கண்ணாடி இல்லாதவனுக்குக்கூடப் புரியும். அவனுக்கும் புரிந்தது.

"சரிங்க... அதுக்குள்ள ஒரு ஏற்பாடு பண்ணிடறேன்."

அறைக்குப் போனதும் தமிழ் தினசரிக் காலண்டரைப் புரட்டி, ஆவணி ஒன்றாம் தேதியைச் சிவப்பு மையில் வட்டமிட்டான். ஆஷாடம் என்றால் ஆடிதானே, அது முழுக்க இருக்கிறது. தாராளமாக நேரம் இருக்கிறது.

ஆடிப்பெருக்கன்று, நல்ல நாள் என்று பார்த்துத்தான், முதலாளி முன்னால் போய் நின்றான். நாராயணசாமி வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே, "அதுக்கென்னப்பா, போயிட்டு வா. நீயா கேக்கட்டும்னுதான் இருந்தேன்" என்றார். அவ்வளவுதான். வானம் இடியவில்லை, ஒரு பம்புகூட நிற்கவில்லை. இதற்கா இத்தனை நாள்...

பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினான். மமதா நின்றிருந்தாள். கையில் புது மோதிரம்.

"வேலையை விட்டுட்டேன்" என்றான், மோதிரத்தைப் பார்த்தபடியே.

"எப்போ?"

"இப்பதான். இது...?"

"வெள்ளிக்கிழமை நிச்சயம் பண்ணிட்டாங்க."

"ஆடியிலயா? ஆடி முடிய இன்னும் நாள் இருக்கே..."

"உங்க ஆடிங்க அது." குரல் தேய்ந்தது. "எங்க வீட்ல அம்மா சொல்றதுதான் கணக்கு. அமாவாசையோட ஆஷாடம் சரி. மறுநாளே ஸ்ராவணம். கல்யாணப் பேச்செல்லாம் ஆரம்பிச்சிடுவாங்க. இந்த ஊர்ல இத்தினி வருஷம் இருக்கீங்க... தெரியாதா?"

தெரியாது. ஊரே சொல்லியிருக்கும், அவன் கேட்டதில்லை.

"மாப்ள..."

"லாரி ஓட்டறாரு. நல்ல மாதிரி."

சேஷகிரிக்குச் சிரிப்பு வந்தது. "வேலையை விட்டப்புறம் உங்க வீட்டுக்கு வரலாம்னு..."

"விட்டுட்டு வாங்கன்னு நானா சொன்னேன்? விடறது உங்க ஆசை, அதனால கேட்டேன். அந்தப் பம்பு கடையிலேயே நீங்க கிழவனாயிருந்தாலும் எனக்கு ஒண்ணும் இல்ல..."

பஸ் வந்து உறுமியது. அவள் நகரவில்லை.

"சொல்லிடுங்க அக்கவுண்ட்ஸ். ஒரு தடவை கேட்டுட்டுப் போயிடறேன்."

அவன் வாயைத் திறந்தான். எத்தனையோ மாலைகளில் ஒத்திகை பார்த்த அழகான வாக்கியங்கள் ஒன்றுகூட வரவில்லை.

"உங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும், மமதா. முதல் நாள்லேருந்து."

அவள் தலையாட்டினாள். படியேறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"எனக்கும்தாங்க..." என்றாள். "அம்மாகிட்ட போன வருஷ ஆஷாடத்துக்கு முன்னாடியே உங்க பேரைச் சொல்லிட்டேன். நீங்க வருவீங்கன்னு."