போகாத கோடு

எண்ணூறாம் நம்பர் உப்புத்தாளில் தேய்த்து முடித்த பிறகும் அந்தக் கோடு போகவில்லை.

கத்தியின் அடிப்பக்கத்தில் குறுக்காக மயிரிழை அளவுக்கு ஒரு சிராய்ப்பு. முந்தைய தாள் விட்ட கீறலாக இருக்கும் என்றுதான் காசிமாயன் நினைத்தான். ஒரு தாளில் நீளவாட்டில் தேய்த்தால் அடுத்த தாளில் குறுக்குவாட்டில் தேய்ப்பது அவன் வழக்கம். பழைய கீறல் எதுவும் அவன் கண்ணுக்குத் தப்பாது. இது மட்டும் எந்தப் பக்கம் தேய்த்தாலும் அப்படியே கிடந்தது.

மேலூர்ப் பக்கத்துக் கருப்பசாமிக்கு நேர்ந்துகொண்ட கத்தி அது. அதைப் பட்டறையில் அடித்துக் கொண்டுவந்த கொல்லர் சிவனாண்டி கொடுக்கும்போதே சொல்லியிருந்தார். "முகம் தெரியுற அளவுக்குப் பாலிஷ ஏத்திராத மாப்ள. எண்ணூறோட நிறுத்திரு. இதுல தெரியுற மொத முகம் சாமி முகமாத்தேன் இருக்கணும்."

"சரிண்ணே" என்றான். சொன்னபோது மனதாரத்தான் சொன்னான். ஆனால் ஒரு சிராய்ப்போடு கத்தியை வெளியே அனுப்பினால் அவனுக்குச் சோறு இறங்காது. கண்ணாடி மாதிரிப் பாலிஷ் போடுவதில் திருநகரில் அவனை அடிக்க ஆளில்லை என்று நாலு பேர் சொல்லிக் கேட்டுப் பழகிய கர்வம் வேறு. அந்தக் கோட்டை மட்டும் எடுத்துவிடலாம் என்று அடுத்த தாளை நனைத்தான்.

கடைசிப் பாலிஷுக்குத் தூசி ஆகாது. ஒரு துகள் விழுந்தாலும் கீறிவிடும். அதனால் ஷட்டரை முழுக்க இறக்கிவிட்டு உள்ளே உட்காருவான். மகள் பவதாரிணிக்கு இன்று ஏழு வயது முடிகிறது. மனைவி கனகா ஒரு மணிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு கடைக்கே வருவதாகவும், மூன்று பேரும் சேர்ந்து வீட்டுக்குச் சாப்பிடப் போவதாகவும் பேச்சு. கனகா வந்து தட்டினால் ஷட்டரைத் தூக்குவான்.

மோட்டாரை ஓடவிட்டுச் துணிச் சக்கரத்தில் பச்சைப் பாலிஷ் கட்டியைத் தடவினான். சூடான துணியும் மெழுகும் கலந்த நெடி மூக்கில் ஏற, கத்தியைச் சக்கரத்தில் மெல்லச் சாய்த்தபோது எஃகின் மங்கல் விலகி, டியூப்லைட் வெளிச்சமும் சுவரில் மாட்டிய காலண்டரும் பின்னாலிருந்த ஷட்டரும் ஒவ்வொன்றாக அதற்குள் தெளிந்து வந்தன. அற்புதமாக வந்திருந்தது. அவனுக்கே பெருமையாக இருந்தது.

கோடு மட்டும் தடித்திருந்தது.

மோட்டாரை நிறுத்தினான். அப்போதுதான் வெளியே சத்தமே இல்லை என்பது உறைத்தது. திருமங்கலம் ரோட்டில் நடுப்பகலில் ஒரு பஸ் கூடவா போகாது?

கத்தியைக் கிட்டத்தில் பிடித்தான். அது கோடு இல்லை. கத்திக்குள் தெரிந்த ஷட்டரின் அடியில் வெயில் கசிந்துகொண்டிருந்தது.

திரும்பிப் பார்த்தான். ஷட்டர் தரையோடு தரையாக மூடியிருந்தது. கத்திக்குள் பார்த்தான். அங்கே ஒரு சாண் திறந்திருந்தது. தன் முகத்தைத் தேடினான். தெரிந்தது தன் பின்னந்தலை. கத்திக்குள் இருந்தவன் ஷட்டரைப் பார்த்து நின்றான்.

ஓடிப்போய் ஷட்டரைத் தூக்கினான். அசையவில்லை. கடப்பாரையைக் கொடுத்து நெம்பினான். கடப்பாரைதான் வளைந்தது. "யாராச்சும் இருக்கீகளா?" என்று கத்தினான். குரல் சுவரைத் தாண்டவில்லை. போனில் சிக்னல் இல்லை.

முகம் தெரியக் கூடாது என்று சிவனாண்டி சொன்னது நெஞ்சில் இடித்தது. மங்கலாக்கிவிட்டால்? இருப்பதிலேயே சொரசொரப்பான தாளை எடுத்துக் கத்தியை வெறிகொண்டு தேய்த்தான். விரல் தோல் உரிந்தது. தாள் கிழிந்தது. கத்தியில் ஒரு கீறலும் விழவில்லை.

டக். டக். டக்.

கத்திக்குள்ளிருந்து கேட்டது. காதை வைத்தான். எஃகு குளிர்ந்திருந்தது. உள்ளே பஸ் ஹாரன். காய்கறி வண்டிக்காரன் குரல். கனகாவின் குரல்.

"என்னங்க, சோறு ஆறுது. முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு. வாரேன்."

அவன் குரல்தான்.

"அது நானில்ல கனகா! போகாத!"

கத்திக்குள் ஷட்டர் முழுக்க ஏறியிருந்தது. வெயிலில் பவதாரிணி புதுப் பாவாடையோடு ஓடிவந்தாள். கத்திக்குள் இருந்தவன் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். அவன் முதுகு மட்டும் தெரிந்தது. தோளுக்கு மேலே அவள் முகம். அவள் கடைக்குள் பார்த்தாள். நேராக இவனைப் பார்த்தாள்.

சிரிப்பு நின்றது.

"அப்பா, உள்ள இன்னொரு அப்பா அழுவுறாரு."

"அங்க யாரும் இல்லத்தா."

அவன் கை ஷட்டரை இழுத்தது. வெயில் ஒரு முழமானது. ஒரு சாணானது. மயிரிழையானது.

டியூப்லைட் அணைந்தது. பூட்டு விழுந்தது.

கத்தியில் இப்போது ஒரு கோடுகூட இல்லை.