பனியில் உப்பு

அரைக்கீரைப் பாத்தியில் குந்தி முதல் பிடியை அறுத்தபோது இலையில் நின்ற பனித்துளி ஒன்று நந்தினியின் உதட்டில் தெறித்தது. நாக்கால் துடைத்தாள். உப்புக் கரித்தது. வியர்வையாக இருக்கும் என்று நினைத்தாள். ஆனால் தை மாத விடியலில், ஸ்வெட்டருக்குள்ளும் குளிர் ஏறும் அந்த நேரத்தில், அவளுக்கு வியர்க்கவில்லை. தள்ளிப் போய் அவரைப் பந்தலில் ஓர் இலையை நக்கிப் பார்த்தாள். அங்கேயும் உப்பு.

செந்துறையிலிருந்து உள்ளே தள்ளி, முந்திரிக் காட்டை ஒட்டிய கலைச்செல்வனின் இயற்கைப் பண்ணை அது. அரியலூரிலும் பெரம்பலூரிலும் உள்ள குடும்பங்கள் விதைப்புக்கு முன்பே பணம் கட்டிப் பங்கு சேர்ந்துகொள்ளும். சனிக்கிழமைதோறும் அவர்கள் வீட்டுக்கு ஒரு கூடை காய்கறி போகும். விவசாயக் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும் நந்தினியைப் பயிற்சிக்காக அங்கே அனுப்பியிருந்தார்கள். விதை எடுக்கக் கற்றுக்கொள்ளலாம் என்று வந்தவள் கூடை கட்டினாள். அதன்பின், புகார் சொன்னவர்களுக்குப் பதில் அனுப்புவதும் அவள் தலையில் விழுந்தது. புகார் ஒன்றுதான்: கீரை கரிக்கிறது.

இன்று பயிற்சியின் கடைசி நாள். பயிற்சி முடித்ததற்கான தாளில் கலைச்செல்வன் கையெழுத்துப் போட்டால் சாயங்கால பஸ்ஸில் பெரம்பலூருக்குப் போய்விடலாம். போடாவிட்டால் ஒரு வருடம் வீண்.

அவன் பம்புசெட் வாசலில் போன் பார்த்துக்கொண்டு நின்றான். சென்னையில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்தவன். சார் என்று கூப்பிட்டால் கோபம் வரும்.

"அண்ணே, மண்ணுல உப்பு இல்ல. கெணத்துத் தண்ணியிலயும் இல்ல. மீட்டர்ல பாருங்க."

"மீட்டர் சரியில்லாம இருக்கும்."

"உங்க மீட்டர்தான்."

"அதான் சொல்றேன்."

"பனியில இருக்குண்ணே. நக்கிப் பார்த்தேன்."

"அப்படியே ரிப்போர்ட்ல எழுது. நல்ல மார்க் வரும்." அவன் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நந்தினி, சின்ன விஷயம். மோர்க் கரைசல்ல நீதான் அளவு தப்பா கலந்துட்டதா பங்குக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல போட்டுடு. எல்லாரும் அமைதியாயிடுவாங்க. நானும் கையெழுத்துப் போட்டுடுறேன்."

அந்தக் குரூப்பில் பங்குக்காரராக அவளுடைய பேராசிரியரும் இருந்தார். அது அவனுக்குத் தெரியும்.

மோர்க் கரைசல் அவன் கண்டுபிடிப்பு. அந்தப் பக்கம் எங்கே தோண்டினாலும் கல்லாகிப்போன கிளிஞ்சல் வரும். எப்போதோ கடல் கிடந்த மண் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். கிணற்றை ஆழப்படுத்தியபோது வந்ததை அவன் மாவாக அரைத்து, சுண்ணாம்புச் சத்துக்கென்று புளித்த மோரில் ஊறப்போட்டுப் பயிருக்குத் தெளிக்கச் சொன்னான். அவன் சொன்ன அளவில்தான் அவள் கலந்தாள். மோரில் விழுந்ததும் நுரைத்தது. புளிப்பில் சுண்ணாம்பு நுரைக்கும், அது சரிதான். ஆனால் மாவெல்லாம் கரைந்த பிறகும் டிரம் நுரைத்துக்கொண்டே இருந்தது. காலையில் விளிம்பு வரை நிற்கும், மத்தியானம் பாதிக்கு இறங்கும், சாயங்காலம் யாரும் தொடாமலே மறுபடி ஏறும். அதையும் சொல்லிப் பார்த்தாள். வெயில், என்றான்.

மருதாயி வந்ததும் கூடை கட்டும் வேலை தொடங்கியது. களை எடுக்க வருபவள், வாய் ஓயாது.

"குழம்புக்கு உப்பு மிச்சம்னு டவுன்காரங்களுக்குச் சொல்லு பாப்பா. அதுக்கும் சேத்துக் காசு வாங்கலாம்."

"நீங்க வேறக்கா."

"பின்ன என்ன. உங்க அண்ணன் அதையும் கேட்டு வாங்குவான்."

நந்தினிக்குச் சிரிப்பு வரவில்லை. கூடை கட்ட விரித்திருந்த சாக்குக்கு அடியிலிருந்து கருவாட்டு வாடை வந்தது. தூக்கிப் பார்த்தால் வெறும் தரை. மத்தியானத்துக்குள் மருதாயியின் பேச்சு குறைந்து, பிறகு நின்றே போனது. உள்ளங்கையால் காதுகளை அழுத்தி அழுத்தி எடுத்தாள்.

"காது ரெண்டும் அடைக்குது பாப்பா. தலையில யாரோ மூட்டையத் தூக்கி வச்சாப்ல இருக்கு. நான் வூட்டுக்குப் போறேன்."

"கூடை கெடக்கேக்கா."

"கெடக்கட்டும். நீயும் கெளம்பு."

அவள் போன பிறகுதான் நந்தினி கவனித்தாள்: தன் காதும் அடைத்திருந்தது. முந்திரிக் காட்டில் எப்போதும் கேட்கும் காக்கைச் சத்தமும், ரோட்டில் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரிகளின் உறுமலும், பம்புசெட் மோட்டாரின் இரைச்சலும், எல்லாமே கனமான கம்பளிக்கு அப்பாலிருந்து வருவதுபோல மங்கி, ஒன்றோடொன்று கலந்து, ஏறி இறங்கும் ஒரே முனகலாகக் கேட்டன. எச்சில் விழுங்கினாள். காது திறக்கவில்லை.

அப்போது அவரைப் பந்தலின் மேல் ஒரு நிழல் நகர்ந்தது. நீளமான நிழல். மேகம் என்று நிமிர்ந்தாள். வானம் வெறுமையாக, வெளிறிக் கிடந்தது. மேகமும் இல்லை, பறவையும் இல்லை. நிழல் பந்தலைத் தாண்டி, கத்தரிப் பாத்தியில் இறங்கி, அங்கே வளைந்து திரும்பியது. அதன் பின்பகுதி இடமும் வலமும் மெதுவாக அசைந்தது.

கண் கட்டுகிறது, காலையிலிருந்து சாப்பிடவில்லை, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டாள். பயத்தைவிட எரிச்சல்தான் பெரிதாக இருந்தது. யாராவது ஒருவர், ஒரே ஒருவர், இது அவள் தப்பில்லை என்று சொன்னால் போதும். அரியலூர் பரிமளா டீச்சருக்குப் போன் போட்டாள். முதலில் புகார் சொன்னவர் அவர்தான்; நியாயமானவர்.

மணி அடித்தது. எடுத்தார்கள்.

"டீச்சர், பண்ணையிலேருந்து நந்தினி பேசுறேன். போன வாரக் கீரையைக் கழுவி ஆக்கினீங்களா, கழுவாமலா? கழுவினா உப்பு போச்சாங்க?"

பதிலுக்கு இரைச்சல் மட்டும் வந்தது. ஒரே சீராக ஏறி இறங்கும் இரைச்சல்.

"டீச்சர்?"

பானைக்குள் தண்ணீர் புகுவதுபோல ஒரு சத்தம். குமிழ்கள். பெரிதாக ஒன்று, பிறகு சின்னதாக, வரிசையாக. போன் அறுந்தது.

இன்னொரு வீட்டுக்குப் போட்டாள். அங்கேயும் எடுத்தார்கள். அங்கேயும் அதே இரைச்சல்.

சிக்னல், என்று வாய்விட்டுச் சொன்னாள். அவள் குரல் அவளுக்கே எங்கோ மேலிருந்து கேட்டது.

மேலிருந்து.

மண்ணில் இல்லை. கிணற்றில் இல்லை. பனியில்தான் இருக்கிறது. பனி மேலிருந்து இறங்குவது. முழுப் பயிற்சியிலும் உப்பைக் காலுக்குக் கீழேதான் தேடினாள்.

பொழுது சாயத் தொடங்கியது. வழக்கமாகச் சிவக்கும் மேற்குப் பக்கம் அன்று பச்சையாக இருந்தது. பாசி பிடித்த குளத்துக்குள் முங்கிக் கண்ணைத் திறந்தால் தெரியும் பச்சை. வெளிச்சம் தரையில் நிற்கவில்லை. நெளிந்தது. கூடைகளின் மேல், அவள் கைகளின் மேல், வலை வலையாக நெளிந்தது.

ஓடியிருக்க வேண்டும். பையும் செருப்பும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தன. ஆனால் கையெழுத்து இல்லாமல் போனால் இத்தனை நாள் சுமந்த கூடைக்கும் கேட்ட ஏச்சுக்கும் எதுவும் மிஞ்சாது. பழியை ஏற்றுக் குரூப்பில் எழுத மாட்டேன், கையெழுத்தும் வாங்காமல் போக மாட்டேன். தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு பாத்திக்குள் இறங்கினாள்.

கால் கனத்தது. ஒவ்வோர் அடியையும் எதையோ தள்ளிக்கொண்டு வைக்க வேண்டியிருந்தது.

கலைச்செல்வன் கீரைப் பாத்தியின் நடுவில் முதுகு காட்டி நின்றான்.

"அண்ணே. நான் குரூப்ல போட மாட்டேன். நீங்க கையெழுத்துப் போடுங்க."

அவன் மெதுவாகத் திரும்பினான். மிக மெதுவாக. வேட்டியின் நுனி காலை விட்டு விலகி, விரிந்து, இடுப்பளவு உயர்ந்து அலைந்தது. காற்றே இல்லை. தலைமுடி ஒவ்வோர் இழையாக எழுந்து நின்றது.

கையை நீட்டினான். தாளைக் கொடுத்தாள். பேனாவைக் கொடுத்தாள்.

மறுக்கவில்லை. எழுதினான். பேனா முனையிலிருந்து கிளம்பிய நீலம் தாளில் படியவில்லை. புகைபோலச் சுருண்டு, பிரிந்து, அவன் முகத்தைத் தாண்டி மேலே போனது.

ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். சொல் வரவில்லை. ஒரு குமிழ் வந்தது. பளபளவென்று, உள்ளங்கை அகலம். அவள் கண் அதைத் தொடர்ந்தது. பந்தலுக்கு மேல். தென்னைக்கு மேல். சிறுத்துச் சிறுத்து, இன்னும் மேலே. உடையவில்லை.

அந்த நிழல் திரும்பி வந்தது. பாத்தி முழுக்க மூடியது. நகரவில்லை.

நந்தினி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். முதுகிலிருந்து அவள் பின்னல் தானாக விலகி, தோளைத் தடவி, மெல்ல மெல்ல எழுந்து, தலைக்கு மேல் செங்குத்தாக நின்றது.